கலியாண வீடியோவிலிருந்து முழுநீளப் படம் வரை: திருகோணமலைத் தயாரிப்பாளர் ஒருவரின் முதற்படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தத் தயாரிப்பாளர் திருகோணமலை நகரில் கலியாண வீடியோ ஸ்டூடியோ நடத்திவந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் வேலைக்குப் போனார். போர் முடிந்த மறு ஆண்டு ஒரு கமராவும் ஒரு கணினியும் வாங்கி ஸ்டூடியோவைத் தொடங்கினார். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வெளிநாட்டிலிருந்து வந்து கலியாணம் செய்பவர்கள் கூடிய காலத்தில் தொழில் வளர்ந்தது. 2021 முடிவில் அவரிடம் நான்கு நிரந்தர ஊழியர்கள், மூன்று கமரா, ஒரு ட்ரோன், ஒரு வான் இருந்தன. இடையில் மூன்று குறும்படங்களுக்குத் தன் கைக்காசைப் போட்டிருந்தார்.

இலங்கைத் தமிழ்ப் படங்களைத் தயாரித்தவர்களில் பெரும்பாலானோர் வேறு தொழிலில் நின்றுகொண்டே படம் எடுத்தவர்கள். 1972இல் வெளிவந்த 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வீ. எஸ். துரைராஜா கட்டடக் கலைஞர். 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்த வி. பி. கணேசன் தொழிற்சங்கவாதி. 1983 யூலையில் தமிழருடைய திரையரங்குகளும் ஸ்டூடியோக்களும் எரிந்தபோது, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் தொடர்ச்சியும் அறுந்துபோனது. அதனால் இங்கே புதிதாகத் தயாரிப்புக்கு வருபவர் தன் பழைய தொழிலின் பழக்கங்களோடுதான் வருகிறார். இந்த நிகழ்வில் நடந்த நல்லதுக்கும் கெட்டதுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கலியாண வீடியோவில் முற்பணம் வாங்கித்தான் வேலை தொடங்கும், அல்பம் கொடுக்கும்போது மிச்சக் காசு வரும். ஆகவே படம்பிடிக்கும் நாளில் கையிலுள்ளதை முழுவதும் செலவழிப்பதில் பயமில்லை. ஒலி பெரிதாகத் தேவைப்படாது. தாலி கட்டும் நேரத்து மேளத்தைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் மேலே பாட்டு ஏறிவிடும். அந்தப் பாட்டு யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. கீழே வரும் தொகைகளில் பெரும்பாலானவை கிட்டிய பத்தாயிரத்துக்கு முழுமையாக்கப்பட்டவை. அவை தயாரிப்பாளரின் மனைவி தினமும் எழுதிய சீ.ஆர். கொப்பியிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இந்த ஆய்வை எழுதியிருக்க முடியாது.

படமும் பணமும்

கதை கொட்டியாரக் குடாக் கரையில் மூதூர்ப் பக்கக் கிராமம் ஒன்றில் நடப்பது. கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மகன், பன்னிரண்டு வயதுப் பையன், கதையின் நடுவில் நிற்கிறான். 68 காட்சிகள், 22 நாள் படப்பிடிப்பு என்று 2021 டிசம்பரில் திட்டமிட்டார்கள்.

பணம் 42 இலட்சம் ரூபாய். சேமிப்பு 15, நகை அடகு 6, உள்ளூர் நண்பர் ஒருவர் 5, கனடா, பிரான்ஸ், சுவிஸ் நாடுகளிலுள்ள உறவினர் மூவர் சேர்ந்து 16. உறவினர்களின் பங்கில் 10 இலட்சம் டிசம்பரிலேயே வந்துவிட்டது. மிச்சம் 6 இலட்சத்தை வைகாசிக்குள் அனுப்புவதாகப் பேச்சு. எதுவும் எழுத்தில் இல்லை.

செலவுத் திட்டம் இப்படி இருந்தது: முன்தயாரிப்பு 2.5 இலட்சம், நடிகர்கள் 5, தொழில்நுட்பக் கலைஞர்கள் 8.5, கமரா மற்றும் விளக்கு வாடகை 6, சாப்பாடும் தங்குமிடமும் 5, போக்குவரத்தும் எரிபொருளும் 4, கலையும் உடையும் 2. படப்பிடிப்பு முடியும்வரை மொத்தம் 33. அதற்குப் பின் படத்தொகுப்பு 2.5, ஒலியும் இசையும் 3, நிறத்திருத்தமும் திரையரங்குப் பிரதியும் 1.5, விளம்பரம் 2.

எதிர்பாராச் செலவு என்ற வரியே இல்லை. சிறிய படத்துக்கும் நூற்றுக்குப் பத்தாவது ஒதுக்குவது வழக்கம். இந்தப் படத்துக்கு அது 4 இலட்சத்துக்கு மேல் வந்திருக்கும். கேட்டவர்களிடம் தயாரிப்பாளர், வரவு குறைவாக இருக்கும்போது சும்மா கிடக்கும் காசு எதற்கு என்று சொல்லியிருக்கிறார். கலியாண வீட்டில் திடீர்ச் செலவு வந்தால் அதை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பார்கள். படத்தில் அப்படிக் கொடுக்க யாரும் இல்லை.

முன்தயாரிப்பில் எடுத்த முடிவுகள்

காலத்தைத் தெரிவு செய்ததில் தவறில்லை. திருகோணமலையில் ஒக்டோபர் தொடங்கித் தை வரை வாடை மழை, கடலும் கொந்தளிக்கும். மாசி கடைசியிலிருந்து கடல் அடங்கும், வெயிலும் இன்னும் கடுமையாகியிராது. மார்ச் முதல் வாரம் தொடங்கி ஒரே மூச்சில் 22 நாளில் முடிப்பது என்று முடிவானது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களில் அப்போது பெரும்போக அறுவடை நடக்கும். கதையில் வரும் அறுவடைக் காட்சிகளுக்கும் அது பொருந்தியது.

ட்ரோனைக் கைவிட்டது இரண்டாவது நல்ல முடிவு. கலியாணங்களில் கடற்கரை விடுதிக்கு மேலே பறக்கவிட்டுப் பழகியவர்கள் படத்துக்கும் அதையே நினைத்தார்கள். ஆனால் திருகோணமலையில் ஒரு பக்கம் கடற்படைத் தளம், மறுபக்கம் சீனக்குடாவில் விமானப்படை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இரண்டும் தேவை. ஒன்றரை மாதம் காத்திருந்து அனுமதி கிடைக்காமல் போனால் படப்பிடிப்பே தள்ளிப்போகும். ஆகவே 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலத்தின் ஓரத்தில் முக்காலி வைத்து விடியற்காலைக் காட்சியை எடுத்தார்கள்; முதல் நாளே பொலிசுக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாமைக் கடந்து போகிறது. அங்கே எடுக்கவிருந்த காட்சியும் நகரக் கடற்கரைக்கு மாற்றப்பட்டது.

கரைவலைக் காட்சிக்கு வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் பேசப் போனபோது தயாரிப்பாளர் ஒரு நாள் வாடகை தருவதாகச் சொன்னார். சம்மாட்டியின் பதில் கொப்பியில் அப்படியே இருக்கிறது: "தம்பி, வாடகை வேணாம். வலை வெறுமையா வந்தாலும் இழுத்த ஆக்களுக்குப் பங்கு குடுக்கோணும். அதை நீங்க பாருங்கோ, மிச்சத்தை நாங்க பாக்கிறம்." அதன்படி வலை இழுத்த பதினெட்டுப் பேருக்கும் அன்றைய பங்கு கொடுக்கப்பட்டது. பட்ட மீன் சம்மாட்டிக்கு. அந்தக் காட்சியில் கயிறு பிடித்து இழுப்பவர்கள் எல்லோரும் உண்மையாகவே வலை இழுப்பவர்கள். படத்தில் மிகச் சிறந்த நான்கு நிமிடம் அதுதான்.

பிழையான முடிவு ஒலியில். கொழும்பிலிருந்து ஒலிப்பதிவாளர், பூம் பிடிப்பவர், கருவி வாடகை எல்லாம் சேர்த்து நாளுக்கு 14,000 ரூபாய் கேட்டார்கள். 22 நாளுக்கு 3 இலட்சத்து 8 ஆயிரம். தயாரிப்பாளர் அதை வெட்டினார். ஸ்டூடியோவிலிருந்த இரண்டு கொலர் மைக்கும் கமராவின் மேலே பூட்டும் ஒரு மைக்கும் போதும், தேவைப்பட்டால் டப்பிங் செய்யலாம் என்பது அவர் கணக்கு. டப்பிங் செய்வதாக முடிவெடுத்தாலும், அதற்கு வழிகாட்டியாகக் கேட்டுப் பேசுவதற்குப் படப்பிடிப்பில் பதிந்த ஒலி தெளிவாக இருக்க வேண்டும் என்பதை அப்போது எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

முதற்கட்டப் படப்பிடிப்பு, 2022 மார்ச்

முதல் ஆறு நாள் திட்டப்படி நடந்தது. கலியாணத் தொழில் கொடுத்த வேகம் இங்கே கைகொடுத்தது. ஊழியர்கள் விடிய நாலரைக்கு எழும்பினார்கள், ஐந்தரைக்கு முதல் ஷொட் போனது. அடுத்த நாளின் கால்ஷீட் மாலை ஏழு மணிக்குள் எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்துவிடும். சாப்பாடு ஒருநாளும் பிந்தவில்லை. இந்த ஒழுங்கு பெரிய படங்களிலும் எளிதில் கிடைக்காதது.

வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று ஒளிப்பதிவாளர் வைத்ததும் சரியே. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை அதற்குப் பொருந்தாத வேகத்தில் வைத்தால் வீடுகளிலுள்ள ரியூப் லைற்றும் மலிவான எல்.ஈ.டி. பல்புகளும் படத்தில் துடிக்கும்.

ஏழாம் நாளிலிருந்து நாட்டின் நெருக்கடி படப்பிடிப்புக்குள் நுழைந்தது. மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டது. மார்ச் நடுவில் பெற்றோலியக் கூட்டுத்தாபன டீசல் லீற்றர் 121 ரூபாயிலிருந்து 176 ஆனது, அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. விளக்குகளுக்கு 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரை நம்பியிருந்தார்கள். கான்களில் எரிபொருள் கொடுப்பதை நிறுத்தியபோது ஜெனரேட்டர் வெறும் இரும்பானது. வானின் தாங்கியிலிருந்து குழாய் வைத்து எடுத்து இரண்டு இரவு ஓட்டினார்கள். பிறகு வானே நின்றுவிட்டது.

பற்றறியில் எரியும் எல்.ஈ.டி. பலகைகள் நான்கை வாடகைக்கு எடுத்து, மின்சாரம் இருக்கும் மணிகளில் கிராமத்தின் ஐந்து வீடுகளில் பிரித்துச் சார்ஜ் போட்டார்கள். இரவுக் காட்சிகளில் பாதியை அரிக்கன் லாம்பு வெளிச்சத்துக்கு மாற்றி எழுதினார்கள். கதைக்கு அது பொருந்தியது.

தரவுகளைச் சேமிப்பதிலும் கலியாணப் பழக்கம் நுழைந்தது. அவர்கள் எடுத்த வடிவத்தில் 4கே படம் வினாடிக்கு 250 மெகாபிட், ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 112 ஜிபி. நாளுக்கு இரண்டு மணி நேரப் பதிவு என்றால் 22 நாளுக்கு ஏறத்தாழ 5 டிபி. அதை மூன்று பிரதிகளாக வைக்க 15 டிபி வேண்டும். இவர்கள் ஒரே ஒரு வன்தட்டில் ஏற்றிவிட்டுக் கமராவின் நினைவக அட்டையை அழித்தார்கள். ஒன்பதாம் நாள் மின்சாரம் திடீரென்று போய் வந்தபோது அந்த வன்தட்டு திறக்க மறுத்தது. ஏழாம், எட்டாம் நாட்களின் பெரும்பகுதி போய்விட்டது. அன்றிரவே இரண்டாவது வன்தட்டு வாங்கி ஒவ்வொரு அட்டையையும் இரண்டாகப் பிரதி எடுக்கத் தொடங்கினார்கள். இழந்த காட்சிகளுக்காகப் பிற்பாடு இரண்டு நாள் கூட வேண்டியிருந்தது.

பதின்மூன்றாம் நாளோடு தயாரிப்பாளர் படப்பிடிப்பை நிறுத்தினார். செலவு அப்போது 21.4 இலட்சம். நடிகர்களை மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்ப டீசல் இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். ஏப்ரல் 1ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. 2ஆம் திகதி மாலை 6 மணியிலிருந்து 4ஆம் திகதி காலை 6 மணி வரை நாடு முழுவதும் ஊரடங்கு. அவர் ஒரு கிழமை பிந்தியிருந்தால் முப்பத்தொரு பேரைச் சாப்பாடு போட்டு வைத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒன்பது கிழமை

இந்த இடைவெளியில் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், மே நடுவில் 360ஐத் தொட்டது. உறவினர்கள் அனுப்ப வேண்டியிருந்த 6 இலட்சம் மே மாதம் வந்தது, ரூபாயில் பேசியபடி சரியாக 6 இலட்சம். டிசம்பரில் அதற்கு 3,000 டொலர் தேவைப்பட்டிருக்கும். அந்த 3,000 டொலரையே அனுப்புவதாக எழுதி வைத்திருந்தால் மே மாதம் 10 இலட்சத்து 80 ஆயிரம் வந்திருக்கும். உறவினர்களில் எவரும் ஏமாற்றவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். வெளிநாட்டுக் காசை ரூபாயில் பேசியது தயாரிப்பாளர்தான். செலவுகளோ, வன்தட்டு முதல் டீசல் வரை, டொலரோடு ஏறின.

வாடகைக் கம்பனிக்குக் கொடுத்த முற்பணத்தில் பாதி, தங்குமிட முற்பணம், நடிகர்களை மறுபடி அழைக்கும் செலவு எல்லாம் சேர்ந்து 2.1 இலட்சம் வீணானது.

படத்தை அப்படியே விட்டுவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது. தயாரிப்பாளர் மறுத்ததற்குச் சொன்ன காரணம் பையன். அடுத்த ஆண்டு அவன் இந்த உயரத்தில் இருக்கமாட்டான். அந்தக் கணிப்பு சரி, அதற்கான பாதித் தீர்வைத்தான் அவர் செய்தார் என்பது பின்னர் தெரியவந்தது.

இரண்டாம் கட்டம்: கச்சான்

மே 24ஆம் திகதி டீசல் 400 ரூபாய் ஆனது. அதற்கு இரண்டு நாள் கழித்து இரண்டாம் கட்டம் தொடங்கியது. மிச்சமிருந்த எல்லாக் காட்சிகளும் அந்தக் கிராமத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் மாற்றப்பட்டன. நடிகர்கள் பஸ்ஸில் வந்து கிராமத்து வீடுகளிலேயே தங்கினார்கள். கமராவும் விளக்கும் மீன் ஏற்றும் தள்ளுவண்டியில் போயின. இவ்வளவு நெருக்கடியில் பதினொரு நாளில் வேலையை முடித்தது பாராட்டுக்குரியது. பெரிய கையிருப்புள்ள தயாரிப்பாளர்கள்கூட அந்த மாதங்களில் கமராவை எடுக்கவில்லை.

ஆனால் வைகாசி பிறந்தால் கிழக்கில் கச்சான் வீசும். மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வரும் சூடான வரண்ட காற்று. கடல் கண்ணாடிபோலத் தெரியும், படத்தில் காற்று தெரியாது, மைக்கில் மட்டும் கேட்கும். காலை ஒன்பதரைக்குப் பின் எடுத்த வெளிக்காட்சிகள் எல்லாவற்றிலும் ஒரே இரைச்சல். கமராவின் மேலிருந்த மைக்குக்கு உரோம உறை இல்லை, பஞ்சு உறை மட்டுந்தான். கச்சானுக்குப் பஞ்சு தாங்காது. கொலர் மைக்கைச் சட்டைக்கு உள்ளே மறைத்தபோது துணி உரசும் சத்தமும் சேர்ந்துகொண்டது.

தொடர்ச்சியிலும் இடி விழுந்தது. மார்ச்சில் அறுவடை வயல், ஈரமான புல். யூனில் கிராமத்தைச் சுற்றி எல்லாம் காய்ந்து பழுப்பு. ஒரே நாளில் நடப்பதாக எழுதிய இரண்டு காட்சிகளில் ஒன்று பச்சை, மற்றது பழுப்பு. இயக்குநர் கதையை "மூன்று மாதம் கழித்து" என்று பிரித்து அதைச் சமாளித்தார். படத்துக்கு அது கெடுதல் செய்யவில்லை.

யூன் இரண்டாம் கிழமை படப்பிடிப்பு முடிந்தது. இரண்டாம் கட்டத்துக்கு 17.5 இலட்சம், மொத்தம் 41 இலட்சம். 42இல் மிச்சம் 1 இலட்சம். படத்தொகுப்பு, ஒலி, இசை, நிறம், பிரதி, விளம்பரம் எதற்கும் காசில்லை. கொப்பியின் அந்தப் பக்கத்தில் "மிச்சம் 1,00,000" என்ற வரிக்குக் கீழே மூன்று நாள் வெறுமையாக இருக்கிறது.

ஒலி

ஏழு மாதம் படம் வன்தட்டில் கிடந்தது. தங்கத்தின் விலை ஏறியிருந்ததால் அடகிலிருந்த நகையை மறு அடகு வைத்து 4.6 இலட்சம் எடுத்தார். ட்ரோனையும் ஒரு கமராவையும் விற்று 5 இலட்சம். வங்கிக்கடன் 7 இலட்சம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்ததால் கடன் வட்டி கடுமையாக இருந்தது, அதை ஸ்டூடியோ வருமானத்திலிருந்து கட்டினார்.

படத்தொகுப்பாளர் முதற்பிரதியைக் கேட்டுவிட்டு, 68 காட்சிகளில் 29இல் வசனம் பயன்படாது என்று எழுதிக் கொடுத்தார். அந்த 29இல் 17 பையனுடையவை.

டப்பிங் 2023 பெப்ரவரியில். மார்ச் 2022இல் பையனுக்குப் பன்னிரண்டரை வயது. பதினொரு மாதத்தில் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. மைக்கின் முன் நின்று "வாப்பா, வலை வந்திட்டு" என்ற முதல் வசனத்தைச் சொன்னான். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவனுக்கும் விளங்கிவிட்டது, மூன்று தரம் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தான், வரவில்லை. படப்பிடிப்பு முடிந்த வாரத்திலேயே, படத்தொகுப்புக்குக் காத்திராமல், அவனுடைய எல்லா வசனங்களையும் அமைதியான ஓர் அறையில் ஒருநாளில் பதிந்து வைத்திருக்கலாம். அதற்குச் செலவு சாப்பாடும் பஸ் காசும்தான். சிறுவர்கள் நடிக்கும் எந்தப் படத்திலும் இதைச் செய்யாமல் கிராமத்தை விட்டு வெளியேறக் கூடாது.

கொழும்பில் குரல் கொடுக்கும் சிறுவன் ஒருவன் கிடைத்தான். அவன் பேச்சில் யாழ்ப்பாண வாடை. கிழக்கில் "மறுகா" என்று வரவேண்டிய இடத்தில் அவனுக்குப் "பேந்து" என்று வந்தது. சொல்லை மாற்றலாம், இழுப்பை மாற்ற முடியாது. தயாரிப்பாளர் அதை ஏற்கவில்லை, அது அவர் எடுத்த மிகச் சரியான முடிவுகளில் ஒன்று. அதே கிராமத்தில் நடித்த பையனின் சிறிய தகப்பன் மகன் இருந்தான், வயது பதினொன்று. குடும்பத்துக் குரல், ஊர்ப் பேச்சு.

அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போகாமல் மூதூரிலேயே பதிந்தார்கள். ஓர் உள்ளறை, நான்கு சுவருக்கும் பஞ்சு மெத்தை, தலைக்கு மேலே மடித்த போர்வை, நிலத்தில் பாய்மேல் பாய். இரவு பத்து மணிக்குப் பின், மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் நிறுத்தி. படத்தொகுப்பாளர் காட்சி காட்சியாக நேரக் குறியோடு துண்டுகள் அனுப்பினார். ஒவ்வொரு வசனத்துக்கும் முன் மூன்று பீப். நான்காவது வரவேண்டிய இடத்தில் பேச்சுத் தொடங்கும். நெருக்கமான ஷொட்டுக்கு மைக்கிலிருந்து ஒரு சாண், தூர ஷொட்டுக்கு இரண்டு முழம். ஓடிவரும் காட்சிக்குப் பையனை அந்த இடத்திலேயே பத்துத்தரம் குதிக்கவைத்துப் பதிந்தார்கள். இல்லாவிட்டால் மூச்சு வராது. மூத்தவன் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனத்தையும் தான் எப்படிச் சொன்னான் என்று சொல்லிக் கொடுத்தான். ஆறு இரவு எடுத்தது.

இதற்குப் பிறகும் ஒரு குறை. படப்பிடிப்பில் எந்த இடத்திலும் வெறும் இட ஒலி பதியப்படவில்லை. எல்லோரும் வாய் மூடி நிற்க ஒரு நிமிடம் பதிந்தால் போதும். அந்தக் குடிசையின், அந்தக் கரையின் அமைதி கிடைத்துவிடும். அது இல்லாததால் ஒலிக்கலவை செய்பவர் அலை, காகம், தூரத்துப் பாங்கு, படகு இயந்திரம் எல்லாவற்றையும் தனித்தனியாக மறுபடி பதிய மூன்று நாள் கரைக்கு வந்தார். ஒலிக்கு மட்டும் 6.2 இலட்சம் போனது. ஆரம்பத்தில் வெட்டியது 3 இலட்சத்து 8 ஆயிரம்.

பாட்டும் பத்திரமும்

இசையமைப்பாளர் நண்பர், நான்கு பாட்டு, பின்னணி இசை, காசு கைமாறியது, கடிதம் இல்லை. முன்னோட்டத்தை யூடியூபில் ஏற்றிய நாளே வேறொரு நிறுவனத்தின் உரிமைக் கோரல் வந்தது. இசையமைப்பாளர் இரண்டு பாட்டை இணையத்தில் வெளியிடும் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாட்டு தன்னுடையது என்று நினைத்தார், எழுத்தில் எதுவும் இல்லாதபோது அப்படி நினைப்பதில் தவறுமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பொருளாதார உரிமையைக் கைமாற்றுவது எழுத்திலும் கையொப்பத்திலும் இருக்க வேண்டும்.

சட்டத்தரணி ஒருவர் வழியாகக் கதாசிரியர், இயக்குநர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள், குரல் கொடுத்த சிறுவனின் தந்தை, வீட்டுக்காரர்கள் என்று இருபத்துமூன்று பேரிடம் கையொப்பம் வாங்கினார்கள். படம் முடிந்தபின் கையொப்பம் கேட்டுப் போனால் எதிரில் இருப்பவருக்குப் பேரம் பேச இடம் வந்துவிடும். ஒரு பாடகர் கூடுதல் தொகை கேட்டார், கொடுத்தார்கள். இசைக்கு மேலதிகமாக 1.5 இலட்சம், சட்டச் செலவு 60 ஆயிரம்.

பிரதியும் திரையிடலும்

நிறத்திருத்தமும் திரையரங்குப் பிரதியும் சென்னையில் செய்யப்பட்டன, 3.3 இலட்சம். அங்கேதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. திரையரங்குகளில் உள்ள பழைய கருவிகள் 24 பிரேமை மட்டும் எதிர்பார்க்கும். படம் 25இல் இருந்தது. 24க்கு மாற்றியபோது 108 நிமிடப் படம் 112 நிமிடம் 30 வினாடியானது, ஒலியின் சுருதி இறங்கியது. சுருதியைத் திருத்திக் கலவையை மறுபடி வெளியே எடுக்க ஒரு கிழமை. முதல் நாளே எந்தப் பிரேம் வேகத்தில் முடிக்கப்போகிறோம் என்று ஆய்வுகூடத்திடம் கேட்டிருந்தால் போதும்.

தணிக்கைச் சபை வெட்டில்லாமல் அனுமதித்தது. திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய இடங்களில் அரங்கை வாடகைக்கு எடுத்தே காட்டினார்கள், ஏனென்றால் தென்னிந்தியப் படங்கள் ஓடும்போது பங்கு அடிப்படையில் நேரம் கொடுக்க அரங்குக்காரர்கள் தயங்கினார்கள். மூதூரில் பாடசாலை மண்டபத்தில் இரண்டு காட்சி, வலை இழுத்தவர்களுக்கு இலவசம்.

2023 ஒக்டோபரில் டொரண்டோவில் சனி மாலை 6 மணிக்காட்சி. பூட்டிய பிரதியைத் திறக்கும் சாவிக் கோப்பு சனி நள்ளிரவுவரை செல்லும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அந்த நள்ளிரவு இலங்கை நேரம். டொரண்டோ ஒன்பதரை மணி பின்னால். அங்கே பிற்பகல் 2.30க்கே சாவி செத்துவிட்டது. மாலை 6 மணிக்கு மண்டபம் நிறைந்திருக்க, சென்னையில் அதிகாலை 3.30க்கு ஆய்வுகூடத்துக்காரரை எழுப்பிப் புதிய சாவி எடுத்தார்கள். காட்சி ஒன்றேமுக்கால் மணி நேரம் பிந்தியது, சிலர் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பின் பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் சாவியை முன்னும் பின்னும் இரண்டு நாள் கூட்டி, அந்த ஊர் நேரத்தில் எழுதி வாங்கினார்கள்.

வரவும் பங்கீடும்

படத்தொகுப்பு 3.1, விளம்பரம் 2.9 சேர்த்து, படப்பிடிப்புக்குப் பின் போனது 17.6 இலட்சம். மொத்தச் செலவு 58.6 இலட்சம். வரவு உள்ளூரில் 9.2, வெளிநாட்டுக் காட்சிகளில் 17.5, இணையத்தில் 1.1, மொத்தம் 27.8 இலட்சம்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்பதும் எழுதப்படவில்லை. உள்ளூர் நண்பர் தன் 5 இலட்சம் முழுதாக முதலில் வேண்டுமென்றார், உறவினர் ஒருவர் இலாபப் பங்கு பற்றிக் கேட்டார். இரண்டு மாதம் பேச்சு நின்றது. தயாரிப்பாளர் வங்கிக்கடன் 7 இலட்சத்தை முதலில் அடைத்தார். மிச்சம் 20.8 இலட்சத்தை, மற்றவர்கள் போட்ட 21 இலட்சத்துக்கு விகிதப்படி பிரித்தார். ஒவ்வொருவருக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிடைத்தது. நட்டம் 30.8 இலட்சத்தில் ஏறக்குறைய முழுவதும் அவருடையது. அப்படிச் செய்ய அவருக்குக் கடமை இருக்கவில்லை. முதலீடு என்பது நட்டத்திலும் பங்கு என்று தொடக்கத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தால் நட்டம் நீதியாகப் பிரிந்திருக்கும். ஆனாலும் அவர் செய்ததை ஊர் பார்த்தது. அடுத்த வேலை அவரிடம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பின் வந்தவை

2024இல் அவர் வெளியிலிருந்து திருகோணமலைக்கு வந்த இரண்டு குழுக்களுக்குக் களத் தயாரிப்பு செய்து கொடுத்தார்: அனுமதி, வீடு, படகு, சாப்பாடு, வாகனம், ஆள். சொந்தக் காசு போடாத வேலை. கலியாணத் தொழிலில் கற்ற ஒழுங்குக்கு இதுவே ஏற்ற இடமாக அமைந்தது. அடகு நகையில் பாதியை அந்த வருமானத்தில் மீட்டார்.

இரண்டாவது படத்தை 14 நாளில், 38 காட்சிகளில் திட்டமிட்டிருக்கிறார். மொத்தத் தொகையில் நூற்றுக்கு முப்பத்தைந்து படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைக்கு. அது வேறு வங்கிக் கணக்கில், அவரும் படத்தொகுப்பாளரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் வெளியே வரும். எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம். முதலீட்டுக் கடிதங்கள் கனடா டொலரிலும் யூரோவிலும். பாட்டுக்கு முற்பணம் கொடுக்கும் அதே மேசையில் உரிமைப் பத்திரம். ஒலிப்பதிவாளர் படப்பிடிப்புக்கு ஒரு மாதம் முன்பே இடங்களைப் பார்க்க வந்து, நிலாவெளிப் பக்கத்தில் ஒரு வீட்டை ஐஸ் தொழிற்சாலைச் சத்தத்துக்காக மாற்றச் சொன்னார், மாற்றினார்கள். நாட்கள் பங்குனிக்குள் முடிகின்றன.

முதற்படத்தில் இசையமைப்பாளர் வெளியே கொடுத்த இரண்டு பாட்டுகளில் ஒன்றுக்கான உரிமைக் கோரல் இன்னும் நீக்கப்படவில்லை. அதன் விளம்பர வருமானம் மாதா மாதம் வேறிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் திறக்கப்பட்டிருக்கிறது.